பாப்பா லீமா விக்டர்

வௌவாலின் பேர் வைத்த ஊர் குளுவாங்.
இப்போது வௌவால்கள் குறைந்துவிட்டன.
பேர் மட்டும் ரயில் நிலையப் பலகையில்
தலைகீழாய்த் தொங்காமல்
நேராய் நிற்கிறது.

எனக்குப் பலகை எழுதும் வேலை.
பசாரில் கோழிக்கடை,
லம்பாக் மலையடியில் டயர்க்கடை,
தோட்டத்து மாரியம்மனுக்கு உபயக்காரர் பட்டியல்.
ஐம்பது வெள்ளிக்குக் கீழே கொடுத்தால்
பேர் பொடியாகிவிடும்.

இந்த மாதம் ஆகாய விமானம்.

செம்பனைக்கு நடுவே ஒற்றை ஓடுபாதை.
தகரக் கொட்டகையில்
ரெண்டு இருக்கை, ஒரே எஞ்சின்.
பறக்கப் பழகுகிற பிள்ளைகள்
இறக்கி இறக்கித் தேய்த்த சக்கரம்.
கிட்டே போய்த் தட்டிப் பார்த்தேன்:
மைலோ டின் சத்தம்.

கேப்டன் லோ தாளை நீட்டினார்.
ஒன்பது, எம், ஒரு கோடு, பி, எல், வி.
உடம்பின் ரெண்டு பக்கமும் முப்பது சென்டிமீட்டர்,
இடது இறக்கையின் அடியில் ஐம்பது.
எழுத்தில் பூ வேண்டாம். நிழல் வேண்டாம்.
மாரியம்மன் உபயக்காரர்கள் கேட்டிருந்தால்
மனம் உடைந்திருப்பார்கள்.

பழைய பெயிண்டைத் தேய்த்தேன்.
ஒன்பது அப்படியே இருக்க
எம்முக்குக் கீழே ஒரு வி எழுந்து வந்தது.
'சிங்கப்பூர்ல இருந்தப்போ வச்ச பேரு'
என்றார் மெக்கானிக் திரவியம்.
இன்னும் தேய்த்தேன்.
வெளுத்த நீலத்தில் வி, எச்.
ஆஸ்திரேலியா. ஏதோ ஆட்டுப் பண்ணையாம்.

மூன்று தேசம், மூன்று பேர்,
அதே வால்.
பழைய நாடு பேரை அடித்துவிட்டு
ஒரு கடிதம் கொடுக்குமாம்,
புது நாடு அதை வாங்கி எழுதிக்கொள்ளுமாம்.
'ரெண்டு வாரம்' என்றார் திரவியம்,
'மிஞ்சிப் போனா மூணு.'

அவர் பிரித்த புத்தகத்தில்
பிறந்த வருஷம், தொடர் எண்,
எத்தனை மணி பறந்தது,
எந்தத் தேதியில் தடாலென்று இறங்கி
முன்சக்கரம் வளைந்தது,
யார் நிமிர்த்தினார், கையெழுத்து.
கதவோரம் சின்ன எஃகுத் தகடு.
விமானமே எரிந்து போனாலும்
அந்தப் பேர் மிஞ்ச வேண்டுமாம். சட்டம்.

என் மகள் யுவனேஸ்வரிக்குப் பத்து வயது.
அவள் அம்மா மேடான் தமிழச்சி.
கோயிலில் மாலை மாற்றினோம்,
ஆபீசில் பதியவில்லை.
பிள்ளை பிறந்தது இதே குளுவாங் ஆஸ்பத்திரியில்,
பதினோராம் நம்பர் கட்டிலில்.
ஆனால் சூராட் பெரானாக்கில்
குடியுரிமைக் கட்டத்துக்கு நேராக
'புக்கான்' என்று தொடங்கும் ஒரு வரி.
அல்ல.
புத்ராஜெயாவுக்கு மூன்று தடவை எழுதினேன்.
மூன்று தடவையும் நல்ல தாளில் பதில் வந்தது.
காரணம் வரவில்லை.

வெறும் அலுமினியம் பளபளத்துக் கிடந்த
அன்று மத்தியானம்
திரவியம் சோற்றுக்குப் போயிருந்தார்.
பி வரப்போகிற இடத்தில்
சின்னத் தூரிகையால், தமிழில்,
அவள் முழுப்பேரை எழுதினேன்.
பூ போட்டேன். நிழலும் போட்டேன்.
அதன்மேல் பிரைமர்,
வெள்ளை ரெண்டு கை,
கறுப்பில் சட்டப்படி பி.

இன்னொரு தேசத்துக்கு விற்பார்கள் ஒருநாள்.
அங்கே எவனோ தேய்ப்பான்.

சனிக்கிழமை அவளையும் கூட்டிப் போனேன்.
ஷாஹ்ரில் என்ற பையன் முதன்முறை தனியாகப் பறக்கிறான்.
கொட்டகை ரேடியோவில் அவன் குரல் நடுங்கியது:
'பாப்பா லீமா விக்டர்...'

நிமிர்ந்தாள்.
வீட்டில் அவளுக்கு அதுதான் பேர்.
'அப்பா, என்னை ஏன் கூப்பிடுது?
அஞ்சு வயசு பாப்பாங்குது.
எனக்குப் பத்து.'

பதில் சொல்வதற்குள்
செம்பனைத் தலைகளை உரசுவதுபோல் ஏறி
எங்கள் மேலே திரும்பியது அது.
இடது இறக்கையின் அடி முழுக்க வெயில்.
கையை நெற்றியில் வைத்து
ஒவ்வொரு எழுத்தாய்ப் படித்தாள்.

'வி கோணல்' என்றாள்.

கோணல்தான்.
மல்லாந்து படுத்து எழுதியது.
கேப்டன் இன்னும் பார்க்கவில்லை,
பாதிக் காசு பாக்கி இருக்கிறது.